தமுக்கத்தின் வரலாறு

மதுரை மாநகரை வையையாறு இரு கூறாகப் பகுக்கின்றது. தென்கரையில் மீனாட்சியம்மையின் திருக்கோயிலும், அதனைச் சூழ்ந்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி முதலிய தெருக்களும் தாமரையின் இதழ்கள்போல ஒன்றனையொன்று தழுவி அமைந்துள்ளன. ஆற்றைக் கடந்து வடகரையை அடைந்தால் கோரிப்பாளையமும், அதனை அடுத்துத் தல்லாகுளமும் எதிர்ப்படும். தல்லாகுளத்தில், அழகர்மலைக்குச் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில், தமுக்கம் என்று வழங்கும் பழைய மைதானம் ஒன்று உண்டு. அதன் அருகே தூணும் குவிமாடமும் கொண்ட வெண்ணிற மாளிகை ஒன்று மரச்செறிவின் நடுவே விளங்குகின்றது.

வெளியூரிலிருந்து வருவோர் தமுக்கத்தைப் பேருந்து நிற்கும் ஓர் இடமாக மட்டுமே அறிவர். மதுரையில் பிறந்து வளர்ந்தோரோ அதனைப் பொருட்காட்சி நடைபெற்ற இடமாக நினைவு கூர்வர். ஆயினும் அவ்விடத்திற்கு முந்நூறு ஆண்டிற்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அரசர் ஒருவர் வீற்றிருந்து காண்பதற்கென அமைந்த இடம், காலப்போக்கில் மக்கள் அனைவரும் வந்து கூடும் இடமாக மாறியது எவ்வாறு என்பதே அவ்வரலாறு. அதனை இப்பாடத்தில் காண்போம்.

மூன்று சொற்கள்

மக்கள் கூடும் இடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. அவற்றுள் அரங்கு, களம், மன்று என்னும் மூன்றனையும் முதற்கண் அறிந்துகொள்ளுதல் நலம்.

அரங்கு என்பது உயர்ந்த இடம். ஆற்றின் நடுவே உயர்ந்து நிற்கும் திட்டினையும் அரங்கம் என்பர்; காவிரியின் நடுவேயுள்ள திருவரங்கம் இதற்குச் சான்று. ஆடலுக்கென அமைத்த மேடையும் அரங்கு எனப்படும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைத் தெளிவாகத் தருகின்றது. அதன் அகலம் 7 கோல். நீளம் 8 கோல். தரையிலிருந்து உயரம் 1 கோல். அரங்கு என்றாலே உயரமும் உடன் எண்ணப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

களம் என்பது செயல் நிகழும் தரை. நெல்லடிக்கும் இடம் களம். போர் நிகழும் இடம் களம். ஆட்டம் நிகழும் இடமும் களமே. களத்தில் இறங்குவோர்க்கு உழைப்பும் வெற்றியும் தோல்வியும் உண்டு.

மன்று என்பது ஊர்ப்பொதுவான வெளி. பெருமரம் ஒன்றன் நிழலில் ஊரார் கூடி வழக்குத் தீர்த்ததும், வழிப்போக்கர் தங்கியதும், கூத்து நிகழ்ந்ததும் மன்றிலேயாம். காவிரிப்பூம்பட்டினத்தில் ஐந்து மன்றங்கள் இருந்தன என்று சிலப்பதிகாரம் கூறும். அவற்றுள் ஒன்றன் பெயர் வெள்ளிடை மன்றம். வெள்ளிடை என்பது மறைவற்ற வெளியிடம். மற்றொன்றன் பெயர் பாவை மன்றம். அரசன் செங்கோல் தவறினும், அவையோர் நீதி பிறழினும், அங்கு நின்ற பாவை வாய் திறவாது கண்ணீர் உகுக்குமாம்.

அரங்கில் காண்பார் ஓரிடத்தும், ஆடுவார் ஓரிடத்தும் இருப்பர். மன்றிலோ அவ்வேறுபாடு இல்லை. வந்தவர் அனைவரும் அதற்கு உரியர். இவ்வேறுபாட்டை உளங்கொண்டு தமுக்கத்தின் வரலாற்றுள் புகுவோம்.

அரசியின் மாளிகை

கி.பி. 16-ஆம் நூற்றாண்டு முதல் 1736 வரை மதுரையை நாயக்க மன்னர் ஆண்டனர். அவர்களுள் கட்டடக் கலையால் புகழ் பெற்றவர் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை ஆண்ட அவர், நகரின் தென்கிழக்கில் தமக்கெனப் பேரரண்மனை ஒன்று எழுப்பினார். வண்டியூரில் தெப்பக்குளம் வெட்டுவித்தார். நாயக்கர் மரபில் மக்கள் உள்ளத்தில் நிலைத்து நிற்கும் மற்றொருவர் அரசி மங்கம்மாள். இவர் சொக்கநாத நாயக்கரின் மனைவியார். இவருடைய மகன் இளமையிலேயே இறந்தமையால், கைக்குழந்தையான பேரனுக்காக 1689-ஆம் ஆண்டில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1706-ஆம் ஆண்டு அளவும் அப்பொறுப்பு இவர்பால் இருந்தது. சாலைகள் அமைத்தலும், சாலையோரத்தில் நிழல்மரங்கள் வைத்தலும், வழிச்செல்வோர்க்குச் சத்திரங்கள் கட்டுதலும் இவர் விரும்பிச் செய்த அறங்கள். மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரேயுள்ள சத்திரம் இன்றும் இவர் பெயராலேயே வழங்குகின்றது.

தமுக்கம் மாளிகை 17-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதனை அரசி மங்கம்மாளின் கோடை மாளிகை என்று மதுரை மக்கள் வழங்குவர். நகரின் நெருக்கத்திற்கு அப்பால், ஆற்றைக் கடந்து, காற்றோட்டமான இடத்தில் அஃது அமைந்தது. தரையை உயர்த்தி மேடை எழுப்பி, அம்மேடைமீது தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் குவிமாடம் அமைத்தனர். கோடையின் வெம்மையைத் தணித்தற்கு இவ்வமைப்பு ஏற்றது. உயரத்தில் வீசும் காற்று நாற்புறமும் தடையின்றிப் புகும். குவிமாடத்தின் உட்புறம் உயர்ந்திருத்தலால் வெப்பம் மேலெழுந்து விலகும்.

மேடையை உயர்த்தியதற்குப் பிறிதொரு காரணமும் கூறுவர். மாளிகையின் எதிரே பரந்த வெளியில் மற்போரும் விலங்குப் போரும், சிறப்பாக யானைப் போரும் நிகழ்ந்தன என்றும், அரச குடும்பத்தார் மேடைமீதிருந்து அவற்றைக் கண்டனர் என்றும் வழிவழியாக ஒரு செய்தி உண்டு. ஆகவே தமுக்கம் மாளிகை உறைவிடமாக மட்டுமன்றி அரங்கமாகவும் விளங்கியது எனலாம்.

யானைப் போர்

யானைப் போர் எத்தகையது என்பதை அறிய, அதே நூற்றாண்டில் வடநாட்டில் வாழ்ந்த அயல்நாட்டார் ஒருவரின் குறிப்பு நமக்கு உதவும். பெர்னியே என்னும் பிரெஞ்சு மருத்துவர் முகலாயர் அவையைச் சார்ந்து பல்லாண்டு இருந்தவர். அவர் அங்கு நிகழ்ந்த யானைப் போரைத் தம் பயண நூலில் விவரித்துள்ளார். களத்தின் நடுவே மண்ணால் ஒரு சுவர் எழுப்புவர். சுவரின் இருபுறத்தினின்றும் இரு யானைகள் ஒன்றனையொன்று நோக்கிச் செலுத்தப்படும். ஒவ்வொன்றன் மேலும் பாகர் இருந்து அதனை ஊக்குவர். யானைகள் தலையாலும் கொம்பாலும் மோதிக்கொள்ளும். மோதுந்தோறும் சுவர் சரியும். முடிவில் வலிய யானை சுவரைக் கடந்து மற்றொன்றனைத் துரத்தும். மதவெறி கொண்ட யானைகளை விலக்குதல் எளிதன்று. அவற்றினிடையே வெடிகளைக் கொளுத்தி அச்சுறுத்தியே பிரிப்பர்.

இவ்வாட்டத்தில் பாகர் மிதியுண்டு மாள்வதும் உண்டு. ஆதலின் போர் நாளன்று அவர்கள் தூக்குமேடைக்குச் செல்வாரைப்போலத் தம் மனைவி மக்களிடம் விடைபெற்றே வந்தனர் என்று பெர்னியே எழுதுகின்றார். உயிர் பிழைத்து வென்றால் மன்னர் பரிசளிப்பார் என்பதே அவர்க்கிருந்த ஆறுதல்.

இக்குறிப்பு தில்லியைப் பற்றியது, மதுரையைப் பற்றியதன்று. எனினும் யானைப் போர் எங்கு நிகழ்ந்தாலும் அதன் இயல்பு ஒன்றே. மேடைமீதிருப்பவர்க்கு அது பொழுதுபோக்கு. தரைமீது நிற்பவர்க்கு அது வாழ்வா சாவா என்னும் வினா.

மேலை நாட்டிலும் இந்நிலை இருந்ததுண்டு. கி.பி. 80-இல் உரோம் நகரில் கொலோசியம் என்னும் மாபெரும் அரங்கம் திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 50,000 மக்கள் அதில் அமர்ந்து காணலாம். வாட்போர் வீரர் ஒருவரையொருவர் வீழ்த்துவதையும், மனிதர் கொடுவிலங்கோடு பொருவதையும் அங்கு வேடிக்கையாகக் கண்டனர். இருக்கைகளும் அவரவர் தகுதிக்கேற்பப் பகுக்கப்பட்டிருந்தன. ஆட்சி மன்றத்தார்க்குக் களத்தை ஒட்டிய முன்வரிசை. ஏழையர்க்கும் பெண்டிர்க்கும் எட்டத்திலுள்ள மேல்வரிசை. அரங்கம் பெரிதாயிருந்தது, ஆயினும் அது மன்றமாகவில்லை.

அடைபட்ட வாயில்

1736-ஆம் ஆண்டில் நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. மதுரைச் சீமை ஆர்க்காட்டு நவாபின் ஆளுகைக்கு உட்பட்டது; பல போர்களைக் கண்டது; 1801-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நேர் ஆட்சிக்குள் வந்தது. தமுக்கம் மாளிகையும் அவர்கள் கையதாயிற்று. மாவட்ட ஆட்சித் தலைவர், நீதிபதி முதலிய உயர் அலுவலர் அதில் உறைந்தனர். அவர்தம் வசதிக்கேற்பப் புதிய அறைகள் சேர்க்கப்பட்டன. யானைகளும் மல்லரும் மறைந்தனர். ஆயினும் மேடைமேல் வாழ்வார் வேறு, கீழே நடப்பார் வேறு என்னும் நிலை மாறவில்லை. அலுவலர் உறையும் மாளிகையில் பொதுமக்கள் விரும்பியவாறு புகுதல் அந்நாளில் இயலாது.

வாயில் அடைபட்டிருந்தது தமுக்கத்தில் மட்டுமன்று. மீனாட்சியம்மை திருக்கோயிலின் உள்ளே செல்லவும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரிமை இல்லாதிருந்தது. மதுரையின் அக்கால நிலையை எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. மேலமாசி வீதியில் ஓர் இல்லத்தில் தங்கியிருந்த காந்தியடிகள், ஏழை உழவர் உடுத்தும் உடையே தமக்கும் போதும் எனத் துணிந்து, அன்று முதல் அரையாடையை மேற்கொண்டார். அவ்வுடையோடு அவர் மக்கள் முன் தோன்றிய இடம் காந்தி பொட்டல் என்று பெயர் பெற்றது. பொட்டல் என்பது மரமோ பயிரோ இல்லாத வெற்றுவெளி. அரண்மனை முற்றத்தை விடுத்து, யாரும் வந்து நிற்கக்கூடிய வெற்று வெளியில் அவர் நின்றார் என்பதனை அப்பெயரே காட்டும்.

பின்னர் 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயரின் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் மீனாட்சியம்மை கோயிலுள் சென்று வழிபட்டனர். கோயில் அனைவர்க்கும் திறக்கப்பெற்ற பின்னரே, 1946-ஆம் ஆண்டில், காந்தியடிகள் அதனுள் சென்று வணங்கினார். இவ்வாறு மதுரையின் வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த காலத்திலேதான் தமுக்கத்தின் வாயில் திறக்கும் நாளும் வந்தது.

மாளிகை அருங்காட்சியகமாதல்

காந்தியடிகள் 1948-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நினைவைப் போற்றுதற்கென அமைந்த காந்தி நினைவு நிதியினர் நாட்டின் சில நகரங்களில் அருங்காட்சியகம் அமைக்க முற்பட்டனர். மதுரையில் அதற்குரிய இடமாகத் தமுக்கம் மாளிகையை 1955-ஆம் ஆண்டில் மாநில அரசு கொடையாக அளித்தது. 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு அவ்வருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார்.

இன்று அம்மாளிகையுள் செல்வோர் நாட்டு விடுதலைப் போரின் வரலாற்றைப் படங்களாகக் காணலாம். காந்தியடிகளின் வாழ்க்கையை நிழற்படங்களின் வரிசையாகக் காணலாம். அவர் பயன்படுத்திய பொருள்கள் சிலவற்றையும் காணலாம். அவற்றுள் ஒன்று, அவர் உயிர் நீத்த அன்று உடுத்தியிருந்த ஆடையின் ஒரு பகுதி. அதன்மீது குருதிக்கறை படிந்துள்ளது. கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பட்ட அவ்வாடையின் முன் நிற்போர் பேச்சடங்கி நிற்பர்.

மாணவர்கள் இங்குச் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிற உயிர் மோதிக் குருதி சிந்துவதை வேடிக்கையாகக் காண்பதற்கு அமைந்தது என்று சொல்லப்படும் மேடை இது. அதே மேடையில்தான் எவ்வுயிரையும் துன்புறுத்தலாகாது என வாழ்ந்தவரின் குருதிக்கறை படிந்த ஆடை வைக்கப்பட்டுள்ளது. தூணும் மாடமும் பழையன. பயன் மட்டுமே மாறிற்று. கட்டடத்தை இடியாமலே அதன் பொருளை மாற்றுதல் கூடும் என்பதற்குத் தமுக்கம் ஒரு சான்று.

மைதானம் மன்றமாதல்

மாளிகையின் வரலாறு இவ்வாறாக, மைதானத்தின் வரலாறும் உடன் வளர்ந்தது. சித்திரைத் திங்களில் அழகர்மலையினின்றும் கள்ளழகர் புறப்பட்டு மதுரைக்கு எழுந்தருள்வார். நகர மக்கள் தல்லாகுளத்தில் அவரை எதிர்கொண்டு வழிபடுவர். இதனை எதிர்சேவை என்பர். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு வந்த உழவர் குடும்பத்தினர் முற்காலத்தில் வையை மணலிலும் தல்லாகுளத்து வெளிகளிலும் தங்கி, அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியைக் கண்டு மீள்வது வழக்கம். இவ்வாறு திருவிழாவிற்கென வரும் மக்கள் வெள்ளத்தைக் கருதியே சித்திரைப் பொருட்காட்சி தமுக்கத்தில் ஆண்டுதோறும் நடத்தப்பெற்றது.

அப்பொருட்காட்சியில் அரசின் துறைகள் தத்தம் பணிகளை விளக்கிக் கூடங்கள் அமைக்கும். புதிய நெல் வகைகளையும் உழவுக் கருவிகளையும் சிற்றூர் மக்கள் கண்டது அங்கேதான். சிறுவர்க்கு இராட்டினமும், பெண்டிர்க்கு வளையற்கடையும், அனைவர்க்கும் முறத்தளவு பெரிய அப்பளமும் அங்கு உண்டு. இரவில் நாடகமும் இன்னிசையும் நிகழும். செல்வரும் ஏழையரும் ஒரே புழுதியில் நடந்து, ஒரே வேடிக்கையைக் கண்டு மகிழ்ந்தனர். பிற்காலத்தில் புத்தகத் திருவிழாவும் தமுக்கத்தில் நடந்தது. அரசியற் கட்சிகளின் பெருங்கூட்டங்களும் அங்கே கூடின. ஒரு கட்சியின் கொடி பறந்த இடத்தில் மறுமாதம் எதிர்க்கட்சியின் கொடி பறந்தது. மன்றின் இயல்பு அதுவேயன்றோ!

1981-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடைபெற்றது. முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரிலும், அடுத்தவை சென்னை, பாரிசு, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களிலும் நிகழ்ந்தன. சங்கம் வளர்த்த மதுரைக்கு அது வந்தபொழுது, தமுக்கத்தின் முகப்பில் தமிழன்னைக்குச் சிலை நிறுவப்பெற்றது. இன்றும் அழகர்கோயிற் சாலையில் செல்வோர் அச்சிலையைக் காணலாம்.

தமுக்கத்தின் வரலாற்றில் குறிக்கத்தக்க மற்றொரு நிகழ்ச்சி 2017-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சல்லிக்கட்டு எனப்படும் ஏறுதழுவுதல் முல்லைநில மக்களின் பழைய விளையாட்டு. கலித்தொகையின் முல்லைக்கலி அதனை விரிவாகப் பாடும். மதுரையைச் சூழ்ந்த அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் பொங்கலையொட்டி அது நடைபெறும். விலங்குகட்குத் துன்பம் விளைகின்றது என்னும் காரணத்தால் 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2017-ஆம் ஆண்டுப் பொங்கலின்பின், தடையை நீக்குமாறு வேண்டி, சென்னைக் கடற்கரையில் மாணவரும் இளைஞரும் கூடினர். மதுரையில் அவர்கள் கூடிய இடங்களுள் முதன்மையானது தமுக்கம். பகலும் இரவும் அவர்கள் அங்கே இருந்தனர். தலைவர் எவரும் அழைத்து வந்த கூட்டமன்று அது. சனவரி 21-ஆம் நாள் அவசரச் சட்டம் பிறந்தது. 23-ஆம் நாள் சட்டமன்றம் அதற்குரிய சட்டத்தை நிறைவேற்றியது. 2023-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அச்சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கெனப் பெரியதோர் அரங்கமும் திறக்கப்பெற்றது.

அவ்விளையாட்டை வேண்டுவோரும் உளர். விலங்குகளின் துன்பத்தை எண்ணி அதனை மறுப்போரும் உளர். இரு சாராரும் தத்தம் கருத்தை அஞ்சாது உரைத்தற்கு ஊரில் ஒரு பொதுவெளி வேண்டும் என்பதே நாம் ஈண்டுக் கருதத்தக்கது. பண்டு அரச குடும்பம் மேடைமீதிருந்து கீழே நோக்கியது, 2017-இல் கீழே நின்ற மக்கள் பேசினர், ஆள்வோர் செவிகொடுத்தனர்.

பிற நாட்டாரும் பிற களங்களும்

விளையாட்டிற்கென அமைந்த அரங்கமும் சில வேளைகளில் மன்றத்தின் தகுதியைப் பெறுவதுண்டு. நம் மாநிலத்தில் சேப்பாக்கம் அதற்கு எடுத்துக்காட்டு. சென்னையில் 1934-ஆம் ஆண்டில் முதல் பன்னாட்டுக் கிரிக்கெட்டு ஆட்டத்தைக் கண்ட களம் அது. 1952-இல் இந்திய அணி முதன்முதலாக ஐந்துநாள் ஆட்டத்தில் வென்ற களமும் அதுவே. 1999-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் அங்கு நிகழ்ந்த ஆட்டத்தில் பாக்கிசுதான் அணி 12 ஓட்டங்களால் இந்தியாவை வென்றது. டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் வெற்றி கைநழுவிற்று. வந்திருந்தோர் உள்ளம் கலங்கினர். ஆயினும் வென்ற அணியினர் களத்தைச் சுற்றி வந்தபொழுது அனைவரும் எழுந்து நின்று கைதட்டி வாழ்த்தினர். வேடிக்கை காண வந்தவர்கள் அந்நேரத்தில் நடுவுநிலை வாய்ந்த மன்றத்தார் ஆயினர்.

கடல் கடந்து அமெரிக்க நாட்டிலும் ஒரு சான்று உண்டு. அங்கு மக்கள் மிகவும் விரும்பும் ஆட்டம் பேஸ்பால். அணிக்கு ஒன்பதின்மர் ஆடுவர்; பந்தை மட்டையால் அடித்தவர் நான்கு நிலைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டமாகும். நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில் 1913-ஆம் ஆண்டில் எபெட்சு களம் என்னும் பேஸ்பால் அரங்கம் திறக்கப்பெற்றது. கருநிற மக்களைத் தலையாய அணிகளில் சேர்ப்பதில்லை என்னும் வழக்கம் அந்நாளில் அங்கு நிலவியது. 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் சாக்கி இராபின்சன் என்னும் கருநிற இளைஞர் புரூக்ளின் அணியில் ஒருவராய் அக்களத்தில் இறங்கினார். இழிமொழிகளைப் பொறுத்துக்கொண்டு அவர் ஆடிய ஆட்டம், ஒரு நாட்டின் மனத்தை மாற்றத் துணை செய்தது.

அத்தகைய களம் என்னவாயிற்று? அணியின் உரிமையாளர் அணியை வேறு நகருக்குக் கொண்டு சென்றார். 1957-ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்குக் கடைசி ஆட்டம் நடந்தது. 1960-இல் அரங்கம் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பே உள்ளது. ஆனால் அதே நாட்டில், பாசுடன் நகரில் 1912-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஃபென்வே பார்க்கு என்னும் அரங்கம் பழுது நீக்கப்பெற்று இன்றளவும் ஆட்டத்திற்குப் பயன்படுகின்றது. ஒன்று நினைவில் மட்டும் வாழ்கின்றது. மற்றொன்று நிலத்திலும் வாழ்கின்றது. இரண்டிற்கும் காரணம் மனிதர் எடுத்த முடிவேயன்றிக் காலமன்று.

நம் கடமை

தமுக்கமும் இன்று ஒரு திருப்பத்தில் நிற்கின்றது. மதுரை மாநகராட்சியின் சார்பில் மைதானத்தில் மாநாட்டு மையம் ஒன்று கட்டப்பெற்று, 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பெற்றது. வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாது கூட்டம் நடத்தவும், கண்காட்சி அமைக்கவும் அக்கட்டடம் உதவுகின்றது. வளரும் நகருக்கு அத்தகைய கூடம் தேவையே; அதனைக் குறை கூறுதற்கில்லை. ஆயினும் கூரையுள்ள கூடம் வேறு, வானமே கூரையாயுள்ள வெளி வேறு என்பதை நாம் மறத்தலாகாது. கூடத்திற்குக் கதவும் பூட்டும் வாடகையும் உண்டு. வெளிக்கு அவை இல்லை. கூடத்திற்கு அழைப்பிதழோடு செல்வர்; வெளிக்கு அழையாமலே வருவர்.

நகரம் வளருந்தோறும் வெற்றுவெளி சுருங்குகின்றது. நிலத்தின் விலை ஏறுந்தோறும், பயனின்றிக் கிடக்கின்றதே இவ்விடம் என்னும் எண்ணம் சிலர்க்குத் தோன்றுகின்றது. ஆனால் மன்று ஒருநாளும் பயனின்றிக் கிடப்பதில்லை. காலையில் முதியோர் நடக்கவும், மாலையில் சிறுவர் பந்தடிக்கவும், திருவிழாவில் மக்கள் தங்கவும், நாட்டிற்கு ஒரு நெருக்கடி நேர்ந்தால் ஊரார் கூடவும் அது காத்திருக்கின்றது. அதன் பயனைப் பணத்தால் அளத்தல் இயலாது.

ஆகவே மாணவர்காள், மதுரைக்குச் செல்லும்பொழுது தமுக்கத்தை ஒருமுறை சென்று காணுங்கள். மாளிகையின் மேடைமீது ஏறி நின்று, அரச குடும்பம் எதனைக் கண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே சென்று காந்தியடிகளின் ஆடையைக் காணுங்கள். பின்பு வெளியே வந்து, எஞ்சியுள்ள வெளியில் நில்லுங்கள். உங்கள் ஊரிலும் இத்தகைய பொட்டலோ, மந்தையோ, ஆலமரத்தடியோ கட்டாயம் ஒன்று இருக்கும். அதன் வரலாற்றை ஊர்ப் பெரியோரிடம் கேட்டு அறியுங்கள். யாரெல்லாம் முன்னாளில் அங்கு வர இயலவில்லை என்பதனையும் கேளுங்கள். இன்று அனைவரும் வர இயலுமாயின், அந்நிலை என்றும் மாறாது காத்தல் உங்கள் பொறுப்பு. முன்னோர் விட்டுச்சென்ற கோயிலையும் நூலையும் காப்பதுபோலவே, அவர்கள் விட்டுச்சென்ற வெளியையும் காத்தல் அறமாகும்.